பொது அழைப்புச் சொல்

சகலை என்ற உறவைக் கண்டுபிடித்தவருக்குச் சகலை இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக, முன்பின் தெரியாத இரண்டு ஆண்பிள்ளைகளை ஆயுள் முழுக்க ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் ஏற்பாடு அது. அந்தத் தராசில் பல்செட்காரரின் தட்டு எப்போதும் எடையில்லாமல் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

பல்செட்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, டாக்டர் அனுப்பும் அச்சுக்கு ஏற்றபடி பல்வரிசை செய்து கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். சிரிப்பது என்னவோ டாக்டரைப் பார்த்துத்தான்.

சகலையோ வீட்டுச் சாதன ஒற்றுமை வாரியத்தின் துணை இயக்குநர். லைட்டும் விசிறியும் பூட்டும், மனிதன் பேச்சைக் கேட்க ஆரம்பித்த பிறகு ஒரு சங்கடம் வந்தது. அவை எல்லாருடைய பேச்சையும் கேட்பதில்லை. மூன்று பெரிய கம்பெனிகள் இருந்தன. பேச்சைக் கேட்டுச் சாதனங்களை இயக்கும் பெட்டியில் எரியும் சின்ன விளக்கின் நிறத்தை வைத்து ஜனங்கள் அவற்றைப் பச்சை, நீலம், மஞ்சள் என்று சொன்னார்கள். நீலப் பெட்டி சொன்னால் பச்சை பல்பு எரியாது. மஞ்சள் பெட்டியை நீல விசிறி மதிக்காது. மஞ்சள் பூட்டு யாரையுமே மதிக்காது. இவற்றைச் சமாதானப்படுத்தி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வைப்பதற்காகத்தான் வாரியம் பிறந்தது. வாரியம் பிறந்த பிறகு, இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதது அதிகாரபூர்வமாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்செட்காரரும் அவர் மனைவியும் சகலை வீட்டுக்குப் போயிருந்தார்கள். சகலை கூடத்துக்கு வந்து லேசாகத் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான். திரை விலகியது, விசிறி சுற்றியது, எங்கிருந்தோ வீணை கேட்டது. சகலை ஒரு விரலைக்கூட அசைக்காமல் சோபாவில் சாய்ந்தார். பல்செட்காரரின் மனைவி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்ததைப் பல்செட்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அக்கா கொடுத்து வெச்சவ."

பல்செட்காரருக்கு வயிறு எரிந்தது. இறங்கும் இடம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

அடுத்த மாதமே அவரும் வாங்க ஆரம்பித்தார். தள்ளுபடி எங்கே போட்டார்களோ அங்கே வாங்கினார். பல்புகள் பச்சை. விசிறி நீலம். வாசல் பூட்டு மஞ்சள். கூடத்து அலமாரியில் மூன்று பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொன்றையும் அதன் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் காது கேட்கும். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு அலுத்து வரும் மனைவிக்கு மூன்று பெயரும் குழம்பின. பச்சையைக் கூப்பிட்டு விசிறி கேட்டாள். அது "மன்னிக்கவும்" என்றது. நீலத்தைக் கூப்பிட்டு லைட் கேட்டாள். அதுவும் "மன்னிக்கவும்" என்றது. மஞ்சளை யாருமே கூப்பிடவில்லை. அது கோபித்துக்கொண்டு, அவர்கள் வெளியே போன நேரம் பார்த்து வாசலைப் பூட்டிவிட்டது. அன்று இருவரும் பக்கத்து வீட்டில் சாப்பிட்டார்கள்.

பல்செட்காரர் மானத்தை விட்டுச் சகலைக்குப் போன் செய்தார்.

"எல்லாத்தையும் ஒரே கம்பெனியில வாங்கியிருக்கலாமே, சகலை? எங்க வீட்டுல பாருங்க, எல்லாமே பச்சைதான்."

"நீங்க ஒற்றுமை வாரியத்துல இருக்கீங்களே. எல்லாம் கலந்து வாங்குங்கன்னு விளம்பரமே குடுக்கறீங்க."

"கலந்து வாங்கறது ஜனங்களுக்கு. நடத்தறவங்களுக்கு நிம்மதி வேண்டாமா?" என்றார் சகலை, கொஞ்சமும் கூசாமல். "கவலைப்படாதீங்க. பொது அழைப்புச் சொல் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்திருக்கோம். நான் ஆளை அனுப்பறேன்."

ஆள் வந்து நான்காவதாக ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். ஒரு வாரம் அது சும்மா உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்குமாம். வீட்டில் எந்த அழைப்புச் சொல் அதிகம் புழங்குகிறதோ அதையே தேர்ந்தெடுக்குமாம். அதன் பிறகு அந்த ஒரே சொல்லுக்கு மூன்று கம்பெனியும் கட்டுப்படும். தேர்ந்தெடுத்த சொல்லை மாற்ற வேண்டுமானால் மூன்று கம்பெனியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை அவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை.

வாரம் முடிந்த காலையில், இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெள்ளைப் பெட்டி தொண்டையைச் சரிசெய்துகொண்டு அறிவித்தது.

"இந்த வீட்டின் பொது அழைப்புச் சொல்: என்னங்க."

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். பல்செட்காரரும் சிரித்தார். அவர் சிரித்தது அந்த ஒரு காலையோடு சரி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்னங்க"தான். அதில் பல வகை உண்டு. நீட்டினால் காய்கறி வாங்க வேண்டும். வெட்டினால் ஏதோ மறந்துவிட்டார். தணிந்து வந்தால் உடம்பு சரியில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சம்பாதித்த படிப்பு அதுதான். இப்போது அவள் அந்தச் சொல்லை எடுத்த எடுப்பிலேயே, அலமாரியிலிருந்து ஒரு குரல் "சொல்லுங்க" என்றது. கனத்த, பதமான, எங்கேயும் பிசிறில்லாத ஆண்குரல். குளியலறையிலிருந்து ஈரத் துண்டோடு ஓடிவரும் பல்செட்காரர் வந்து சேர்வதற்குள் லைட் எரிந்து, விசிறி சுற்றி, கதவும் திறந்திருக்கும்.

"நீங்க இல்லைங்க, அதைக் கூப்பிட்டேன்," என்பாள் அவள்.

அந்த வார்த்தை அவருடைய நெஞ்சில் எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கு அடுத்ததைச் சொல்லியிருக்க மாட்டாள்.

"ரெண்டாம் தடவை கூப்பிட வேண்டியதே இல்ல, பாருங்க. என்ன ஒரு பொறுமை!"

சகலைமீது இருந்த பொறாமையெல்லாம் பழைய சோறு போல ஆறிப்போயிற்று. புதுப் பொறாமை சுடச்சுட வந்தது. பல்செட்காரர் வெந்நீரில் தேன் கலந்து குடித்தார், குரல் கனக்கும் என்று. கிளினிக்கின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து, மேல் வரிசைப் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க, சொல்லுங்க," என்று பழகினார். எட்டிப் பார்த்த டாக்டர் ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். வீட்டில் அவள் வாயைத் திறக்கும் முன்பே ஓடத் தயாராக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அப்படி ஓடி, கம்பளம் தடுக்கி, பெட்டியின் காலடியிலேயே விழுந்தார். பெட்டி "கீழே ஏதோ விழுந்திருக்கிறது" என்று மனைவிக்குத் தெரிவித்தது.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் வாரியத்துக்குப் போனார்.

வாரியத்தின் வாசலில் டோக்கன் தரும் இயந்திரம் நீலம். எண் காட்டும் பலகை பச்சை. இரண்டும் பேசிக்கொள்வதில்லை என்பதால் பலகையில் வரும் எண் யார் கையிலும் இல்லை. ஜனங்கள் இதற்குப் பழகிப்போய், பலகை மணி அடிக்கும்போதெல்லாம் யார் தைரியமாக எழுந்தாரோ அவரைப் போகவிட்டார்கள். பல்செட்காரர் எழுந்தார். புகார்க் கவுண்டரில் ஒரு பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"யாருக்கும் யாருக்கும் தகராறு?"

"எனக்கும் பெட்டிக்கும்மா."

"பெட்டி சாதனம். நீங்க?"

"நான் மனுஷன்."

"மனுஷனுக்கும் சாதனத்துக்கும் தகராறு வராது சார், விதியிலேயே இருக்கு. சாதனத்துக்கும் சாதனத்துக்கும்தான் வரும்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"சாதனமா பதிஞ்சுக்கங்க. அப்புறம் புகார் குடுக்கலாம். வகை என்ன?"

"கணவர்."

அவள் கணினியில் தேடினாள். "கடிகாரம் இருக்கு, கதவு இருக்கு. கணவர் இல்லையே. 'இதர அசையும் பொருள்'னு போட்டுடறேன். எந்தக் கம்பெனி?"

அவள் அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்து "பச்சை" என்று தட்டினாள். "வீட்டம்மா?"

"அவ போன் நீலம்."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "பச்சைக்கும் நீலத்துக்கும் நேரடி இணைப்பே கிடையாதே. எப்படி இணைஞ்சீங்க?"

"பெரியவங்க பேசி முடிச்சாங்க."

"மூன்றாம் தரப்பு மூலமா," என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். "உத்தரவாதம் செல்லாது, தெரியும்ல?"

இதர அசையும் பொருளாகப் பதிவான பிறகு அவரைத் தலைவரிடம் அனுப்பினார்கள். தலைவரின் அறைக் கதவு நீலம், தலைவரின் போன் பச்சை. ஆகவே கதவு வழியாக அவரைப் பார்த்தவர்கள் குறைவு. வெளியே தோட்டத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பேச வேண்டும். பல்செட்காரருக்கு முன்னால் ஒருவர் காபிக் கோப்பையை ஜன்னல் கம்பிகளுக்கிடையே சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் சற்றும் கவலையில்லாமல், பல்செட்காரரின் குறையை முழுக்கக் கேட்டார்.

"உங்க உணர்ச்சி புரியுது. ஆனா ஒற்றுமைன்னா என்னன்னு நினைக்கிறீங்க? எல்லாரும் ஒத்துப்போறதா? அதுக்குப் பேர் சர்வாதிகாரம். மூணு கம்பெனியும் தனித்தனியா இருக்கணும், ஆனா ஒண்ணா இருக்கற மாதிரி ஒரு சின்னம் இருக்கணும். அந்தச் சின்னத்துக்கு என்ன நிறம்னு முடிவு பண்ணத்தான் நாங்க பல வருஷமா ராப்பகலா உழைக்கிறோம். சாதாரண வேலையா? இதுவரைக்கும் மூணு பேரும் ஒருமனசா ஒத்துக்கிட்டது ஒரே ஒரு விஷயம்தான்."

"என்னதுங்க?"

"கோளாறு வந்தா வீட்டுக்காரர் தப்புன்னு." தலைவர் காபியைக் குடித்து முடித்தார். "ஒரே அழைப்புக்கு ரெண்டு சாதனம் பதில் சொல்றது கூடாது. வீட்டுக்கு அதிகாரியை அனுப்பறேன். சோதனையில யாரு ஜெயிக்கிறாங்களோ, அழைப்புச் சொல் அவங்களுக்கு. கூடவே, நீங்க போகும்போது வாட்ச்மேன்கிட்ட ஒரு ஏணி இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க. அஞ்சு மணிக்கு நான் வீட்டுக்குக் கிளம்பணும்."

அதிகாரியாக வந்தவர் வேறு யார்? சகலைதான். வேடிக்கை பார்க்க அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கையில் நிறுத்துக் கடிகாரம், இன்னொரு கையில் அட்டை. உறவு என்பதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, "விண்ணப்பதாரர் தயாரா?" என்று கேட்டார்.

"தயார், சகலை."

"சோதனையின்போது உறவுமுறை சொல்லக் கூடாது."

முதல் அழைப்பு. "என்னங்க, லைட்டைப் போடுங்க," என்றாள் மனைவி. பல்செட்காரர் ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்தார். பாதி வழியில் வெளிச்சம் வந்துவிட்டது. இரண்டாவது அழைப்பு விசிறிக்கு. அவர் எழுந்திருக்கும் முன்பே காற்று வந்தது. சகலை அட்டையில் இரண்டு கோடு கிழித்தார். அக்கா பரிதாபமாகப் பார்த்தாள், அதுதான் பல்செட்காரருக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது. அந்தச் சொல் போய்விட்டால் இந்த வீட்டில் தன்னை எதற்குக் கூப்பிடுவாள்? அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். ஊருக்கெல்லாம் பல் கட்டிய மனுஷனுக்கு அதைக்கூடக் கடித்துப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

"கடைசி அழைப்பு. எப்பவும் வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்கம்மா," என்றார் சகலை.

மனைவி கணவனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "என்னங்க," என்றாள், தணிவாக.

"சொல்லுங்க," என்றது பெட்டி.

"சொல்லும்மா," என்றார் பல்செட்காரர்.

"ஒண்ணுமில்ல."

பெட்டி யோசித்தது. லைட்டை அணைத்துப் பார்த்தது, போட்டுப் பார்த்தது. விசிறியை நிறுத்தியது. பூட்டைத் திறந்து மூடியது. கடைசியில், "'ஒண்ணுமில்ல' என்ற சாதனம் இந்த வீட்டில் இணைக்கப்படவில்லை," என்று கைவிரித்தது. பல்செட்காரர், "சரி," என்று சொல்லி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். வேறொன்றும் நடக்கவில்லை.

சகலை நிறுத்துக் கடிகாரத்தை நிறுத்த மறந்துபோய் நின்றார். வெகுநேரம் விதிகளைப் புரட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதினார். எல்லா வேலைகளுக்கும் பெட்டி. 'ஒண்ணுமில்ல' என்ற பணிக்கு மட்டும் இதர அசையும் பொருள். பல்செட்காரருக்கு வாயெல்லாம் பல். அதுவும் சொந்தப் பல்.

அந்தச் சந்தோஷத்தை வாரியம் ரொம்ப நாள் விட்டுவைக்கவில்லை. சோதனையின் ஒலிப்பதிவு மூன்று கம்பெனிகளுக்கும் போயிற்று. மூன்றும் வரலாற்றில் முதல்முறையாக வேகமாக வேலை செய்தன. ஒரு நாள் காலையில் மனைவி அடுப்படியிலிருந்து, "என்னங்க... ஒண்ணுமில்ல," என்றாள். பல்செட்காரர் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து அந்தக் கனத்த குரல், லேசான சிரிப்போடு, "சரிம்மா," என்றது. அவளே திடுக்கிட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று அவர் செய்த பல்செட்டில் மேல்வரிசை கீழ்வரிசையோடு ஒட்டவே இல்லை.

சாயங்காலம் அவர் பால்கனியில் செருப்பு துடைத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து தோளில் லேசாக ஒரு தட்டு. திரும்பினால் மனைவி.

"என்ன?" என்றார்.

அவள் உதட்டில் விரலை வைத்துக் கூடத்தைக் காட்டினாள். பிறகு காதோரம் குனிந்து ரகசியமாக, "ஒண்ணுமில்ல," என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வேண்டியபோது அவள் நடந்து வந்து தோளைத் தட்டினாள். அவரும் அவள் தோளைத் தட்டக் கற்றுக்கொண்டார். பெட்டிக்குக் கேட்கக் கூடாதென்று நடு வயதைத் தாண்டிய இரண்டு பேர், சொந்த வீட்டில், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி கிசுகிசுத்துக்கொண்டு திரிந்தார்கள். லைட்டைக் கையால் போட்டார்கள். பெட்டி முதலில் பொறுமையாக இருந்தது. பிறகு அவ்வப்போது, கேட்காமலே, "நான் இங்கேதான் இருக்கிறேன்," என்றது. அதற்கும் பதில் வராததால் வாரியத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டது.

சகலை மறுபடி வந்தார், இந்தத் தடவை தனியாக.

"இந்த வீட்டுல பொது அழைப்புச் சொல் புழக்கத்துல இல்ல. ஆனா வேலை எல்லாம் நடக்குது. அனுமதி இல்லாத ஒரு இணைப்பு இருக்குன்னு வாரியம் சந்தேகப்படுது."

ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றினார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார். ஒன்றும் அகப்படாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது மனைவி உள்ளேயிருந்து வந்து, கணவனின் தோளைத் தட்டி, கண்ணால் சகலையைக் காட்டினாள். பல்செட்காரர் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து சகலையிடம் கொடுத்தார்.

சகலை டம்ளரை வாங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எந்தக் கம்பெனி?"

"இதுக்கெல்லாமா கம்பெனி, அத்தான்?" என்று சிரித்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சகலையின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த முகத்தைப் பல்செட்காரர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். இத்தனை வருஷமாக, கண்ணாடியில், அவர் தினமும் பார்த்த முகம் அது.

"எங்க வீட்டுல அவளுக்கு எது வேணும்னாலும் பெட்டி செஞ்சிடும். அவ்வளவு அருமையான சிஸ்டம். குறையே சொல்ல முடியாது," என்றார் சகலை. "அவ என்னைக் கூப்பிட்டே ரொம்ப நாள் ஆச்சு, சகலை. எதுக்குக் கூப்பிடணும்? காரணமே இல்லையே."

பல்செட்காரருக்குப் பாவமாக இருந்தது. இனிப்பாகவும் இருந்தது. இந்த ஒரு நாளுக்காக அவர் எவ்வளவு காத்திருக்கிறார்! அந்த இனிப்பைக் கொஞ்ச நேரம் அப்படியே வாயில் வைத்திருந்தார். சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறிக்கை எழுத வேண்டிய அட்டையை முழங்காலில் வைத்து, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்ததும் பல்செட்காரருக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாகக் கையை நீட்டி, துணை இயக்குநரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

சகலை திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னங்க?"

பல நாள் பட்டினி கிடந்த வெள்ளைப் பெட்டிக்கு அது போதும். வீட்டிலிருந்த பல்புகள் அத்தனையும் எரிந்தன. விசிறி முழு வேகத்தில் சுற்றியது. வாசல் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. கனத்த, பதமான, எங்கேயும் பிசிறில்லாத அந்தக் குரல், "சொல்லுங்க!" என்றது.

சகலை பெட்டியைப் பார்த்தார். பல்செட்காரரைப் பார்த்தார். பிறகு மறுபடி பெட்டியைப் பார்த்து, "ஒண்ணுமில்ல," என்றார்.

"சரிம்மா," என்றது பெட்டி.

சகலை அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.